கன்சோல் என்னும் தாங்கி

‘கன்சோல்’ என்ற சொல்லை இன்று மூன்று வகையார் மூன்று பொருளில் வழங்குகிறார்கள். விளையாட்டில் மூழ்கிய பிள்ளைக்கு அது தொலைக்காட்சியோடு இணைக்கும் ஒரு பெட்டி. நிரல் எழுதும் இளைஞருக்கு அது திரையில் விரியும் ஒரு கருஞ்சாளரம், பிழைச்செய்திகள் வரிவரியாக வந்து விழுமிடம். குளிரூட்டிய கூடங்களில் மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினிகளோடு பழகி ஓய்வுபெற்ற மூத்தவருக்கோ அது ஒரு மேசை, அதன்மேல் ஒரு தட்டச்சுப்பொறி, எதிரே நூற்றுக்கணக்கான சிறு விளக்குகள் பதித்த ஒரு முகப்பு. பெட்டிக்கும் சாளரத்துக்கும் மேசைக்கும் உருவில் ஒற்றுமை ஏதுமில்லை. ஆயினும் ஒரே பெயர் மூன்றையும் கட்டி நிற்கிறது என்றால், அந்தப் பெயர் நெடுவழி நடந்து வந்திருக்கிறது என்று பொருள். சொல்லை நேசிக்கும் அன்பர்கள் சற்றே உடன் நடந்தால், அந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்து வரலாம்.

முதலில் ஒலி. ஆங்கிலத்தில் இதே எழுத்துக் கூட்டத்துக்கு இரண்டு வாழ்வு உண்டு: முதலசையை அழுத்திச் சொன்னால் அது பெயர்ச்சொல், நாம் பேசும் கருவி, இரண்டாமசையை அழுத்திச் சொன்னால் ‘ஆறுதல் கூறு’ என்னும் வினை. தமிழில் அசையழுத்தம் பொருளைப் பிரிப்பதில்லை ஆதலால் இரண்டும் நம் செவிக்குக் கன்சோல்தான். னகர மெய்யை அடுத்துச் சகரம் நிற்பது நமக்குப் புதிதும் அன்று. நன்செய், புன்செய், இன்சொல் என்று நாவுக்குப் பழகிய கூட்டு. ‘இன்சொல்’லும் ‘கன்சோ’லும் எதுகையில் அமைந்து, ஆறுதல் என்னும் பொருளிலும் அருகருகே வந்து நிற்பதைக் கண்டு சிலருக்கு வேர் தேடும் ஆசை பிறக்கக்கூடும். ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. ஒலியொப்புமை வேறு, உறவு வேறு. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் எழுதிய சொல்லாராய்ச்சிகள் நம் நூலகங்களில் போதிய அளவு இருக்கின்றன.

ஆங்கிலத்துக்கு இச்சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சில் 16-ஆம் நூற்றாண்டிலேயே ‘கொன்சோல்’ என்பது கட்டடக்கலைச் சொல். சுவரிலிருந்து முன்னுக்கு நீண்டு, மேலே உள்ள கொடுங்கையையோ மாடத்தையோ ஏந்தி நிற்கும் தாங்குறுப்பு. பெரும்பாலும் சுருண்ட மடிப்போடு, இலைக்கொத்தோ மனித முகமோ செதுக்கப்பட்டிருக்கும். அதற்கு அப்பால் வேர் எது என்பதில் அகரமுதலி ஆக்கியோர் இருவேறு பக்கம் நிற்கிறார்கள். இலத்தீனில் ‘கொன்சோலாரி’ என்றால் ஆற்றுதல். ‘கொன்சோலிதாரே’ என்றால் திண்மையாக்குதல், உறுதிப்படுத்துதல். முதல் கட்சியார் தேவாலயங்களின் பாடகர் இருக்கைகளைச் சுட்டுவர். அங்கே மேற்கட்டையையும் கைப்பிடியையும் தாங்குவனவாகச் செதுக்கிய மனித உருவங்களை ‘ஆறுதல் தருவோர்’ என்று அழைத்தார்கள், அந்தப் பெயரின் குறுக்கமே இது என்பர். இதற்குத் துணையாக ஒரு பக்கச் சான்றும் உண்டு. அதே இருக்கைகளில், நீண்ட வழிபாட்டின்போது நின்றபடியே துறவிகள் உடல் சாய்த்துக்கொள்ள மடக்கு இருக்கையின் அடியில் ஒரு சிறு விளிம்பு வைத்தார்கள். அதன் பெயருக்கு இலத்தீனில் ‘இரக்கம்’ என்றே பொருள். மரக்கட்டைக்கு இரக்கம் என்று பெயர் வைத்தவர்கள் இன்னொன்றுக்கு ஆறுதல் என்று வைத்திருக்க மாட்டார்களா? இரண்டாம் கட்சியார் இவ்வளவு நெகிழ்ச்சிக்கு இடங்கொடாமல், தாங்குறுப்பின் தொழில் உறுதி தருவது, ஆகவே திண்மையே வேர் என்று முடித்துவிடுவர்.

இவ்விரு கட்சிக்கும் நடுவே நின்று பார்க்கும் தமிழனுக்கு ஒரு தனி மகிழ்ச்சி காத்திருக்கிறது. இலத்தீனில் இரண்டு வேராகப் பிரிந்து நிற்பவை நம்மிடம் ஒரே வேரில் பிணைந்திருக்கின்றன. தேறு, தேற்று என்ற இணையை எடுத்துக்கொள்ளுங்கள். அழுதவளைத் தேற்றுகிறோம், அது ஆறுதல். நோயாளி தேறுகிறார், அது வலுப்பெறுதல். மாணவன் தேர்வில் தேறுகிறான். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்து விட்டால் மண் அடியில் தங்கி நீர் தெளிகிறது. கணக்கில் ஐயமற நிறுவப்பட்டது தேற்றம்; ‘அவனே செய்தான்’ என்னும்போது வருவது தேற்றேகாரம். கலக்கம் நீங்கி ஒன்று நிலைபெறுவதே இவை அனைத்துக்கும் அடிநிலம். மனம் நிலைபெற்றால் ஆறுதல், உடல் நிலைபெற்றால் நலம், கருத்து நிலைபெற்றால் உறுதி. கொன்சோலாரியா கொன்சோலிதாரேயா என்று அவர்கள் வழக்காடட்டும். தமிழ் மனத்துக்கு அந்த வழக்கே எழுவதில்லை.

தாங்குறுப்பு என்ற பொருளுக்கும் நம்மிடம் கல்லில் எழுதிய சொல் இருக்கிறது: போதிகை. தூணின் தலையில் அமர்ந்து, இருபுறமும் கை நீட்டி, உத்தரத்தை ஏந்துவது அது. மகேந்திரவர்மன் காலக் குடைவரைத் தூண்களில் அது அலையலையாகச் சுருண்டு தரங்க போதிகை எனப்படுகிறது; சோழர் கற்றளிகளில் நறுக்கென்று வெட்டிய முகத்தோடு வெட்டுப் போதிகை; விசயநகரத்தார், நாயக்கர் மண்டபங்களில் நுனியில் மொட்டுத் தொங்கும் பூமுனைப் போதிகை. தூணின் மேற்பகுதியை அண்ணாந்து பார்த்தே கோயிலின் காலத்தை ஓரளவு சொல்லிவிடுவார்கள், அவ்வளவுக்கு அந்தச் சிறு உறுப்பு பேசும். சரியாகச் சொன்னால் பிரெஞ்சுக் கன்சோல் சுவரிலிருந்து புறப்படுவது, நம் போதிகை தூண்மேல் அமர்வது. உறவினர் என்று சொல்லலாம், ஒருவரே என்று சொல்லலாகாது. ஏந்துவதற்காகக் கை நீட்டும் தொழில் இரண்டுக்கும் பொது.

அந்தத் தொழில்தான் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தது. சுவரில் தாங்கி பொருத்தி, அதன்மேல் ஒரு பளிங்குப் பலகையை வைத்தால் அது மேசை. பின்னங்கால் இல்லாமல் சுவரையே துணையாகக் கொண்டு நின்ற அந்தப் பிரெஞ்சு மேசைகளைத் தாங்கியின் பெயராலேயே கன்சோல் மேசை என்றார்கள். நாளடைவில் நான்கு காலும் முளைத்த பின்னும் பெயர் போகவில்லை. (நம் ‘மேசை’யும் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்திறங்கியதுதான், ‘அலமாரி’யும் ‘சன்ன’லும் அவ்வழியே வந்தவை. வீட்டுப் பொருள்களின் பெயர்கள் உலகெங்கும் இப்படி ஊர்சுற்றிகளாகவே இருக்கின்றன.)

அடுத்த தாவல் இசைக்கு. குழாய் ஆர்கன் என்னும் பேரிசைக் கருவியில் வாசிப்பவர் அமரும் இடம், அதாவது கைக்கட்டைகளின் அடுக்குகளும் கால்கட்டைகளும் குழாய் வரிசைகளைத் திறந்து மூடும் இழுகுமிழ்களும் சேர்ந்த அந்த மேசை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் கன்சோல் என்ற பெயரைப் பெற்றது. பெயர் மாற்றத்துக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்ப மாற்றம் இருக்கிறது. அதைக் கவனியாவிட்டால் கணினிக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது என்பது விளங்காது. அதுவரை விரல் அழுத்திய கட்டைக்கும் காற்று புகும் குழாய்க்கும் இடையே மரக்கோல்களும் கம்பிகளும் நேராக ஓடின. எனவே வாசிப்பவர் குழாய்களின் காலடியிலேயே இருந்தாக வேண்டும். மின்சாரம் வந்ததும் கோல்களின் வேலையைக் கம்பி வடம் ஏற்றது. இராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் தொழிலால் தொலைபேசிப் பொறியாளர். அவர் 1880-களின் இறுதியில் பிர்க்கன்ஹெட் நகரத்துப் புனித யோவான் ஆலயத்தில் அமைத்த ஆர்கனில் வாசிப்பு மேசையை வெளியே எடுத்துச் செல்லலாம். ஆலயத்துத் தோட்டத்தில் அமர்ந்து உள்ளே இருக்கும் குழாய்களை ஒலிக்கச் செய்து காட்டினார். கருவி ஓரிடம், இயக்குபவர் ஓரிடம், நடுவே ஒரு வடம். இசைக்கருவிக்கு ‘இயம்’ என்றும் ஒலித்தலுக்கு ‘இயம்புதல்’ என்றும் பெயர் வைத்த மொழியில், அந்த மனிதரை ‘இயக்குபவர்’ என்று எழுதும்போது எனக்கு ஒரு சிறு நிறைவு.

வானொலிக் காலத்தில், 1920-களில், தரையில் நிற்கும் மரப்பேழை வானொலிகளுக்கும் இப்பெயர் போயிற்று. இதை விரைந்து கடந்துவிடலாம். ஒரு செய்தியை மட்டும் குறித்துக்கொள்வோம். அப்படிப் பேழை வானொலிகளும் தொலைக்காட்சிகளும் செய்து விற்ற மேக்னவாக்ஸ் நிறுவனம் (பெயருக்கு இலத்தீனில் பெருங்குரல் என்று பொருள்) 1972-இல் ‘ஒடிசி’ என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டுக்கு வந்த முதல் விளையாட்டுக் கன்சோல் என்று இன்று கொண்டாடப்படுவது அதுவே. பிள்ளைகள் கேட்கும் கன்சோலுக்குத் தாய்வீடு வானொலிப் பேழையின் பக்கம். பெருங்கணினியின் கன்சோலுக்குத் தாய்வீடு ஆர்கனின் பக்கம். ஒரே பெயருடைய இரண்டு கிளைகள்.

கணினிக் கிளையைப் பார்ப்போம், ஏனெனில் செல்வம் அங்கேதான் குவிந்து கிடக்கிறது. 1951-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஏற்றுக்கொண்ட யூனிவாக் கணினியில் இயக்குபவரின் மேசைக்கு ‘மேற்பார்வைக் கட்டுப்பாடு’ என்ற கனத்த பெயர். அந்தக் கணினியைச் செய்தளித்தது ரெமிங்டன் ராண்ட்; துப்பாக்கி செய்து பின் 1874-இல் தட்டச்சுப்பொறியைச் சந்தைக்குக் கொண்டுவந்த ரெமிங்டன் மரபில் வந்த நிறுவனம். மறு ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், அமெரிக்க அதிபர் தேர்தல் இரவில், சிபிஎஸ் தொலைக்காட்சி முடிவைக் கணிக்க யூனிவாக்கைத் துணைக்கழைத்தது. கணினி இருந்ததோ பிலடெல்பியாவில். நிகழ்ச்சி நடந்ததோ நியூயார்க்கில். என்ன செய்தார்கள்? நியூயார்க் நிலையத்தில் ஒரு போலிக் கன்சோலை வைத்து, அதில் விளக்குகள் சும்மா கண்சிமிட்டும்படி செய்தார்கள். மக்கள் அதைத்தான் கணினி என்று பார்த்தார்கள். அந்த இரவு பிலடெல்பியாவிலிருந்த உண்மைக் கணினி, எண்ணப்பட்டிருந்த சிறு விழுக்காட்டு வாக்குகளைக் கொண்டு ஐசனோவருக்கு 438 தேர்வாளர் வாக்குகள் என்று சொன்னது. நிலையத்தார் நம்பத் துணியாமல் தயங்கினார்கள். இறுதியில் வந்தது 442. கணிப்பின் புகழ் ஒருபுறம் இருக்கட்டும். சொல்லாராய்வாளனுக்கு இதில் இனிப்பது, மேசை முழுப்பொறிக்கும் பெயராகவும் முகமாகவும் நின்ற அந்தச் சினையாகுபெயர்.

1959-இல் வந்த ஐபிஎம் 7090 கணினியில் பெயர் அலுவல்முறைப்பட்டுவிட்டது: ‘7151 கன்சோல் கட்டுப்பாட்டு அலகு’. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட சிறு கணினி ஐபிஎம் 1620. கான்பூர் ஐஐடிக்கு 1963-இல் வந்து இந்திய மாணவர் பலருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தது இதுவே. அதன் கன்சோல் ஒரு மேசையும் ஒரு மின் தட்டச்சுப்பொறியுமாக இருந்தது. நிரல் தன் போக்கைத் தீர்மானிக்கப் பார்த்துக்கொள்ளும்படி நான்கு மாற்றிகள் முகப்பில் இருந்தன. இந்தக் கணினி உள்வழக்கில் பெற்றிருந்த பெயர் ‘கேடட்’. கூட்டலுக்குத் தனிச் சுற்று இல்லாமல், நினைவகத்தில் எழுதி வைத்த வாய்பாட்டைப் பார்த்தே அது கூட்டும். 300-ஆம் முகவரியிலிருந்து 399 வரை கூட்டல் வாய்பாடு, அதற்கு முன்னால் 100-இலிருந்து பெருக்கல் வாய்பாடு. யாராவது கவனக்குறைவாக அந்த இடத்தில் வேறொன்றை எழுதிவிட்டால் இரண்டும் இரண்டும் என்னவாகும் என்று சொல்ல முடியாது. ஆகவே பொறியாளர்கள் கேடட்டின் ஆங்கில எழுத்துகளை விரித்து ‘கூட்டத் தெரியாது, முயல்வதும் இல்லை’ என்று பொருள் கொண்டார்கள். பெயரை எழுத்தெழுத்தாக உடைத்துக் கேலி செய்யும் கலை நம் சிலேடைப் புலவர்களின் தனிச்சொத்து அன்று என்பதற்கு இது சான்று.

1964 ஏப்ரல் 7-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 360 வரிசையில்தான் கன்சோல் தன் முழுக் கோலத்தில் அமர்ந்தது. சென்னை ஐஐடியில் மேற்கு செருமனியின் உதவியால் 1973-இல் தொடங்கிவைக்கப்பட்ட 370/155 இதன் அடுத்த தலைமுறை. 360-இன் முகப்பை நெருங்கிப் பாருங்கள். மேலே விளக்குகளின் வரிசைகள். கீழே வலப்புறம் இயக்குபவருக்கென்று ஒதுக்கிய சிறு பகுதி. அங்கே மூன்று சுழல்குமிழ்கள். எந்தத் தட்டிலிருந்து அல்லது எந்த நாடாவிலிருந்து முதல் நிரலை எடுப்பது என்பதை மூன்று இலக்கமாகத் திருகி வைத்து, ‘ஏற்று’ என்னும் பொருளுடைய பொத்தானை அழுத்தினால் கணினி கண்விழிக்கும். பக்கத்தில் ஐந்து சிறு விளக்குகள். அவற்றுள் ‘காத்திருப்பு’ என்று ஒன்று. அது எரிந்தால் மையச் செயலகம் வேலையின்றிச் சும்மா இருக்கிறது. இன்னொரு மூலையில் அவசரத்துக்கு இழுக்கும் சிவப்புக் குமிழ். அதை ஒருமுறை இழுத்துவிட்டால் வெளியிலேயே பூட்டிக்கொள்ளும், பராமரிப்புப் பொறியாளர் வந்துதான் மீட்க வேண்டும்.

விளக்கு முகப்பின் முன்னால், மேசைமேல், 1052 என்ற எண்ணுடைய அச்சு விசைப்பலகை. அதன் உள்ளுறுப்பு 1961-இல் வந்த செலக்ட்ரிக் தட்டச்சுப்பொறியுடையது. எழுத்துக் கம்பிகள் பறந்து வந்து மோதும் பழைய முறையை விட்டு, 88 எழுத்துகள் புடைத்த ஓர் உருண்டை திரும்பியும் சாய்ந்தும் வேண்டிய எழுத்தைக் காகிதத்துக்குக் காட்டும். நொடிக்கு 14.8 எழுத்து. கணினி பேசும்போது அந்த உருண்டை தானாகவே படபடத்து ஒரு வரியை அடித்து நிறுத்தும். ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் ஓர் அடையாளக் குறி. அதன் கடையெழுத்தே குறிப்பு. ஏ என்று முடிந்தால் இயக்குபவர் ஏதோ செய்தாக வேண்டும். டி என்றால் முடிவெடுக்க வேண்டும். ஐ என்றால் தகவல் மட்டும். டபிள்யூ என்றால் நிலைமை மோசம், கணினி காத்து நின்றுவிட்டது. விகுதியைப் பார்த்து முற்றா எச்சமா என்று பிரிக்கப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துப்போகும்.

மனிதன் பேச வேண்டுமானால்? விசைகளில் கை வைத்தால் மட்டும் போதாது, பலகை பூட்டியிருக்கும். முதலில் ‘வேண்டுகோள்’ என்ற விசையை அழுத்த வேண்டும். கணினி தனக்கு ஒழிந்த நேரத்தில் ‘தொடர்க’ என்ற விளக்கை ஏற்றும். அப்போதுதான் பூட்டு விலகும். சொல்ல வேண்டியதை அடித்து முடித்ததும் முற்றுப்புள்ளி வைப்பதற்குத் தனி விசை கிடையாது. ‘மாற்றுக் குறி’ என்ற விசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு 5-ஐ அழுத்த வேண்டும். பிழையாக அடித்துவிட்டால் அதே விசையோடு சுழியம், வரி தள்ளுபடியாகிவிடும். இன்றைய பலகையில் இடைவெளிக் கட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ‘ஆல்ட்’ என்ற சுருக்கப் பெயரும் அதே ‘மாற்று’ என்னும் சொல்தான்.

இப்போது ஒரு விந்தை நடக்கிறது. விளக்குகள் பதித்த முகப்புக்கு ஐபிஎம்மின் கையேடுகள் ‘அமைப்புக் கட்டுப்பாட்டு முகப்பு’ என்று வேறொரு பெயரைக் கொடுத்தன. கணினியின் இயக்க நிரலோ, தான் இயக்குபவரோடு பேசும் கருவியை மட்டுமே கன்சோல் என்றது. அது தட்டச்சுப்பொறியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அட்டை படிக்கும் பொறி ஒன்றையும் அச்சுப்பொறி ஒன்றையும் சேர்த்து, ‘இவ்விரண்டும் கூடியது கன்சோல்’ என்று அறிவித்துவிடலாம்; கூட்டுக் கன்சோல் என்றே அதற்குப் பெயர். பிறகு ஒரே கணினிக்குப் பல கன்சோல்கள், அவற்றுள் ஒன்று தலைமைக் கன்சோல், அது பழுதானால் பொறுப்பேற்க ஒரு மாற்றுக் கன்சோல். மரமும் தகடும் கழன்று, பெயர் ஒரு பதவியாகிவிட்டது. நிரலாளரின் கருஞ்சாளரம் பின்னால் அந்தப் பெயரை ஏற்றபோது, உடலை இழக்கும் வேலை அறுபதுகளிலேயே முடிந்திருந்தது.

நம் இலக்கணத்தில் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு ‘கார்’. கருமைநிறம் மேகத்துக்கு ஆகி, மேகம் பெய்யும் பருவத்துக்கு ஆகி, பருவத்தில் விளையும் நெல்லுக்கும் ஆகி, ‘கார் அறுத்தான்’ என்று உழவர் சொல்லும்போது மும்மடியாகுபெயராக நிற்பது. ஏந்தும் உறுப்பு, அது ஏந்திய மேசை, மேசைவடிவான இசைக்கட்டில், அதைப் போன்ற கணினிமேசை, அந்த மேசைக்குரிய செய்திவழி என்று கன்சோலின் மடிப்புகளை எண்ணினால் நன்னூலார் சூத்திரத்தை நீட்ட வேண்டியிருக்கும். ஆனால் கரிய நெல்லை யாரும் தேடுவதில்லை அல்லவா? அதுபோல் சாளரத்தில் தாங்கியைத் தேட வேண்டியதில்லை.

கன்சோலோடு உடன்பிறந்தாற்போல் வரும் ‘விசைப்பலகை’யையும் விட்டுவிட மனம் வரவில்லை. ஆங்கிலத்தார் விரலால் அழுத்தும் கட்டையைத் ‘திறவுகோல்’ என்னும் சொல்லால் சுட்டுகிறார்கள். பூட்டே இல்லாத இடத்தில் திறவுகோல் எப்படி வந்தது? 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கிதோ என்னும் துறவி இசையைக் குறியீட்டால் எழுதும் முறையை வகுத்தபோது, சுரங்களைத் திறந்து காட்டும் குறியெழுத்துகளை இலத்தீனில் ‘கிளாவிஸ்’, திறவுகோல், என்ற சொல்லால் வழங்கினார்கள். சுரத்தின் பெயர் பிறகு சுரத்தை எழுப்பும் கட்டைக்கு ஆயிற்று. ஆர்கனிலிருந்து தந்திப்பொறிக்கும், அங்கிருந்து தட்டச்சுக்கும், கணினிக்கும் போயிற்று. கிளாவிஸ் போர்த்துக்கீசியத்தில் ‘சாவே’ என்று தேய்ந்தது; அந்தச் சாவேதான் தமிழகக் கரையில் இறங்கிச் ‘சாவி’ ஆனது. உங்கள் வீட்டுச் சாவியும் இசைக்கருவியின் கிளாவியரும் ஒரு தாய் மக்கள். கலைச்சொல் ஆக்கியவர்கள் ஆங்கிலத்தின் நிழலில் நடந்திருந்தால் நாம் இன்று சாவிப்பலகையில் தட்டிக்கொண்டிருப்போம்.

அவர்கள் விசையை எடுத்தார்கள். அந்தத் தேர்வை நினைத்து நான் பலமுறை மகிழ்ந்ததுண்டு. விசைத்தல் என்றால் திடீரென விரைந்து எழுதல். சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் கானவன் எறியும் கவண்கல்லின் பாய்ச்சலுக்கு இச்சொல் அடையாகும். வேகம் என்ற பொருளிலிருந்து வேகத்தைத் தரும் ஆற்றலுக்கும், ஆற்றலை அடக்கி வைத்துத் தட்டினால் விடும் பொறிக்கும் நீண்டது. இயற்பியலார் ஈர்ப்பு விசை என்றார்கள். நெசவாளர் விசைத்தறி என்றார்கள். மீனவர் விசைப்படகு என்றார்கள். வல்லின ஒலிப்பு ஏதுமில்லாத சிறு சொல், இருந்தும் இறுதி ஐகாரத்தில் ஒரு துள்ளல். அழுத்தினால் அமிழ்ந்து, விட்டால் மேலெழும் ஒன்றுக்கு இதைவிடப் பொருந்தும் பெயரை நான் கண்டதில்லை. யாழ்ப்பாணத்து இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சை உருவாக்கியபோது, விசிறியும் சுழியும் மேலேற வேண்டுமே என்று சில விசைகள் அச்சடித்தும் காகிதம் நகராதபடி அமைந்தன. அவற்றுக்கு ‘நகரா விசை’ என்றே பெயர் நிலைத்தது. விசை என்றால் விரைவு, அது நகராமலும் நிற்கும் என்று முரண்தொடை அமைந்த கலைச்சொல்.

பலகைக்கு வடமொழியில் ‘பலகம்’ என்று இணை உண்டு. கொண்டோமா கொடுத்தோமா என்ற வழக்கு நெடியது, இங்கே வேண்டாம். தமிழில் அது சூதாடு களம், கேடயம், எழுதுபலகை எனப் பல வேடம் போட்டிருக்கிறது. திருவிளையாடற் புராணத்துச் சங்கப்பலகை தகுதியுடைய புலவருக்கு மட்டும் இடம் விரியும். ‘தொடர்க’ விளக்கு எரியும்வரை பூட்டியிருந்த 1052-இன் பலகையைப் பற்றி எழுதுகையில் அதை நினையாதிருக்க என்னால் முடியவில்லை.

கன்சோலுக்குத் தமிழ் என்ன என்று கேட்பீர்கள். கலைச்சொல் தொகுப்புகளில் ‘பணியகம்’ என்றும் ‘முனையம்’ என்றும் காண்கிறோம். பணியகம் என்றதும் மேசையும் கோப்பும் உள்ள ஓர் அலுவலகமே நினைவுக்கு வருகிறது. முனையம் நல்ல சொல், ஆனால் வானூர்தி நிலையமும் துறைமுகமும் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டன. கணினியிலும் கடைக்கோடியில் இருக்கும் எந்தத் திரைக்கும் அது பொருந்தும், தலைமைக் கன்சோலைப் பிரித்துக் காட்டாது. இரண்டிலும் ஏந்துதல் என்ற பழைய சாயல் இல்லை. என் கருத்தைக் கேட்டால், விளக்கும் குமிழும் தட்டச்சும் கூடிய அந்தப் பழம் பொருளுக்கு ‘இயக்குமேடை’ என்பேன். உடலற்ற சாளரத்துக்கும் பிள்ளைகளின் பெட்டிக்கும் கன்சோல் என்றே இருந்துவிடட்டும், அவர்கள் எப்படியும் நம்மைக் கேட்டுச் சொல்லப்போவதில்லை. மேடை என்பது மேடு என்னும் அடியில் பிறந்த தூய தமிழ். அது ஆடவும் பேசவும் உரிய இடமல்லவா என்று ஐயுறுவோர் அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கட்டும்: அடுப்பும் பாத்திரமும் கைக்கெட்டும் உயரத்தில் வைத்து வேலை செய்யும் இடத்தைச் சமையல் மேடை என்றுதானே சொல்கிறோம்.